ஸ்டைன்ஸ்;கேட்: முதல் பாதி இழுவை என்பவர்கள் இரண்டாம் முறை பார்த்தீர்களா?

பழைய_டிவிக்கடை:

முன்னெச்சரிக்கை: இந்த இழையில் கதை முழுக்க உடைபடும். 24 எபிசோடையும் முடிக்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள். பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

சிபாரிசு இழையில் காலப்பயணம் பற்றிய ஸ்டைன்ஸ்;கேட் அனிமே தொடரின் பெயர் வரும்போதெல்லாம் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: "முதல் 11 எபிசோட் சும்மா அரட்டை, பல்லைக் கடித்துக்கொண்டு பார், 12க்கு அப்புறம்தான் கதை." எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த பகுதி அந்த 11 எபிசோட்தான். ஆனால் அதை ரசிக்க ஒருமுறை கடைசிவரை போய்த் திரும்பி வர வேண்டும்.

முதல் எபிசோடை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2010 ஜூலை 28. அகிஹபாராவில் ரேடியோ கைகான் கட்டிடம். டாக்டர் நகாபாச்சி என்பவர் காலப்பயணம் பற்றிப் பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்திருக்கிறார். கட்டிடம் ஒருமுறை குலுங்குகிறது. கூட்டத்தில் நம் கதாநாயகன் ஒகபே எழுந்து, "இதெல்லாம் ஜான் டைட்டர் சொன்னதைத் திருடியது" என்று சத்தம் போடுகிறான் (டைட்டர் என்பவர் எதிர்காலத்திலிருந்து வந்ததாக இணையத்தில் எழுதியவர்). கூட்டத்துக்கு வந்திருந்த இளம் விஞ்ஞானி குரிசு அவனை வெளியே இழுத்துப்போய், பதினைந்து நிமிஷம் முன்பு என்னிடம் என்ன சொல்ல வந்தீர்கள், ஏன் அழுகிற மாதிரி நின்றீர்கள் என்று கேட்கிறாள். ஒகபே விழிக்கிறான். அவளை அவன் பார்ப்பதே அப்போதுதான். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆணின் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் குரிசு ரத்தத்தில் கிடக்கிறாள். பதறிக்கொண்டு வெளியே வந்து நண்பன் தாருவுக்கு மெயில் தட்டுகிறான், தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரு நொடியில் காணோம்.

முதல் முறை பார்க்கும்போது இது வெறும் குழப்பம். "சரி, ஏதோ மர்மம், அப்புறம் சொல்வார்கள்" என்று விட்டுவிடுவோம்.

இரண்டாம் முறை பாருங்கள். அந்தக் குலுக்கல், மொட்டை மாடியில் கால இயந்திரம் வந்து இறங்கியது. மேடையில் பேசும் மோசடிக்காரர் குரிசுவின் அப்பா. தன் அப்பாவை முன்பின் தெரியாத ஒருவன் சபையில் கிழிப்பதை அவள் உட்கார்ந்து பார்க்கிறாள், அவன் சொல்வது சரி என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் முன்னால் அழுகிற மாதிரி நின்றவன் ஆகஸ்டிலிருந்து திரும்பி வந்த இன்னொரு ஒகபே. அவளைச் சாகவிட்டுத் தன் சிறுவயதுத் தோழி மயூரியைக் காப்பாற்றியவன், மறுபடி அவளை உயிரோடு பார்க்கும் முதல் நொடி அது. அந்த அலறல்? 24ஆம் எபிசோடில் கத்தியால் குத்துப்பட்ட ஒகபே, கீழே இருக்கும் தன் பழைய ஆளை வரவழைக்க வேண்டுமென்றே எழுப்பும் குரல். ஜூலை ஒகபே ஓடிப்போனது தன் சொந்தக் குரலைக் கேட்டு.

தெருவில் கூட்டமும் மறையவில்லை. அவன் தட்டிய மெயில் கடந்தகாலத்துக்குப் போய் உலகக்கோட்டையே (நிகழ்வுகள் நடக்கும் வரிசையை) மாற்றிவிட்டது, அந்தப் புதிய உலகக்கோட்டில் கூட்டம் அங்கே வந்ததே கிடையாது. காலையிலேயே "செயற்கைக்கோள்" விழுந்து பகுதியை அடைத்துவிட்டார்கள்.

எபிசோட் தலைப்புகளிலேயே இதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதல் எபிசோட் 'தொடக்கத்துக்கும் முடிவுக்குமான முன்னுரை', கடைசி எபிசோட் 'முடிவுக்கும் தொடக்கத்துக்குமான முன்னுரை'. முதல் நாளே பலகை மாட்டிவிட்டார்கள், நாம்தான் படிக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். மறைத்து வைத்த துப்புகளைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் பல தொடர்களில் கிடைக்கும். இதில் இன்னொன்று நடக்கிறது. உலகக்கோடு மாறினாலும் நினைவு மாறாத ஒரே ஆள் ஒகபே. அவனுக்கு மட்டும் நடந்தது தெரியும், சுற்றி இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. இரண்டாம் முறை பார்க்கிற நமக்கும் அதே நிலைமைதான். அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், யார் எப்போது சாவார் என்று நமக்குத் தெரியும், சொல்ல வழியில்லை. முதல் முறை நாம் ஒகபேயைப் பார்க்கிறோம். இரண்டாம் முறை ஒகபேயாக உட்கார்ந்து பார்க்கிறோம். அந்த 11 எபிசோட் அரட்டை இதற்காகத்தான்.

வாழைஜெல்லி:

மயூரியைப் பற்றி யாராவது பேசுவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

ஒகபே யாருமே இல்லாத போனில் பேசுகிறானே, "அமைப்பு என்னைத் துரத்துகிறது" என்று, அந்த ஹஹஹா சிரிப்பு, ஹோவோயின் கியோமா என்ற பெயர், வெள்ளைக் கோட்டு, எல்லாம் முதல் முறை சுத்தக் காமெடி. சிலருக்கு எரிச்சல்கூட வரும். பிறகுதான் தெரிகிறது அந்தப் பாத்திரம் எப்படிப் பிறந்ததென்று. பாட்டி செத்த பிறகு மயூரி பேச்சை நிறுத்திவிட்டுக் கல்லறையே கதியென்று நிற்கிறாள். ஒருநாள் மழைக்குப் பின் வெளிச்சம் இறங்கும்போது வானத்தைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். அவள் போய்விடுவாளோ என்ற பயத்தில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த பையன், "நீ என் பிணைக்கைதி, உன்னை எங்கும் விடமாட்டேன்" என்று ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி வேஷம் போட்டுச் சொல்கிறான். வேஷம் நிலைத்துவிட்டது.

இது தெரிந்த பிறகு முதல் எபிசோடிலிருந்து அவன் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பிலும் மயூரி எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். பக்கத்தில்தான் இருப்பாள். எல்லோரும் "ஐயோ ஆரம்பித்துவிட்டான்" என்று முகம் சுளிக்கும்போது அவள் மட்டும் சுளிக்க மாட்டாள்.

22ஆம் எபிசோட் கடைசியில் குரிசுவை இழந்துவிட்டு அதே வசனத்தை, அதே சிரிப்பை மறுபடி செய்வான். மயூரி, இனி கியோமாவாக இருக்கத் தேவையில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பாள். ஒகபேக்குக் குரல் கொடுத்த மியானோ மாமோருவின் குரல் அங்கே உடைகிற விதத்தைக் கேட்டுவிட்டு மறுபடி முதல் எபிசோடைப் போட்டால் அந்தச் சிரிப்பைக் காமெடியாகக் கேட்க முடியாது. குறைந்தபட்சம் எனக்கு முடியவில்லை.

அப்புறம் அந்தப் பாக்கெட் கடிகாரம். பாட்டியின் ஞாபகமாக வைத்திருப்பது. முதல் பாதியில் அது வரும்போதெல்லாம் சும்மா ஒரு அழகுப் பொருள்.

கடைசிபெஞ்ச்:

எல்லாம் சரி ப்ரோ. ஆனால் ஒரு கேள்வி. ஒரு தொடர் நன்றாக இருக்கிறது என்று தெரிய அதை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்றால் அது தொடரின் பலமா, பலவீனமா?

வேலை முடிந்து வந்து இரவு ஒரு எபிசோட் பார்க்கிறவனுக்கு 11 எபிசோட் என்பது இரண்டு வாரம். இரண்டு வாரம் ஒரு அறைக்குள் நாலு பேர் மைக்ரோவேவில் (கடந்தகாலத்துக்கு மெயில் அனுப்புவதும் அதுதான்) வாழைப்பழத்தைப் பச்சை ஜெல்லி ஆக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சொல்கிறீர்கள். அதற்கு அப்புறம் பலன் உண்டு என்கிறீர்கள். அந்தப் பலனும் போதாது, இன்னொரு இரண்டு வாரம் கொடு, அதே வாழைப்பழம் அப்போது வேறு மாதிரி தெரியும் என்கிறீர்கள்.

திரும்பப் பார்த்தால் எதுவும்தான் வேறு மாதிரி தெரியும். கதை தெரிந்துவிட்டால் எந்தப் படத்திலும் "ஆகா, இதைத்தான் அங்கே காட்டினார்களா" என்று நாலு இடம் கிடைக்கும். அதற்காக எல்லாவற்றையும் மேதைமை என்று சொல்லிவிட முடியுமா?

பழைய_டிவிக்கடை:

@கடைசிபெஞ்ச் நியாயமான கேள்வி. முதல் முறையே பிடிக்காதவரை இரண்டாம் முறைக்குக் கட்டாயப்படுத்தவில்லை. முதல் பாதி மெதுவானது, அதில் சந்தேகமே இல்லை. நான் மறுப்பது "சும்மா" என்ற வார்த்தையை.

"எதுவும்தான் வேறு மாதிரி தெரியும்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பல மர்மக் கதைகளில் முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் வருவது வெறும் திசைதிருப்பல் ஆகிவிடும். அங்கே காட்டிய ஆட்களுக்கும் காட்சிகளுக்கும் வேறு வேலை இருக்காது. ஸ்டைன்ஸ்;கேட்டில் முதல் பாதியில் செய்த ஒவ்வொன்றையும், மயூரியைச் சாவிலிருந்து காப்பாற்ற, இரண்டாம் பாதியில் ஒகபே கையால் அழிக்க வேண்டியிருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள். முதல் பாதியில் டி-மெயில் (கடந்தகாலத்துக்குப் போகும் மெயில்) போனது, அறைக்கு வந்துபோகும் ஆட்களின் வரிசையில்: மொயேகா, லூகா, ஃபேரிஸ், கடைசியில் சுசுஹாவைப் பின்தொடரச் சொல்லி ஒகபே தனக்குத் தானே அனுப்பியது. இரண்டாம் பாதியில் ரத்து செய்வது: சுசுஹா, ஃபேரிஸ், லூகா, மொயேகா. ஏறிய படியிலேயே ஒவ்வொன்றாக இறங்குகிறான். கடைசிப் படியில் மிச்சமிருப்பது முதல் நாள் தாருவுக்கு அனுப்பிய மெயில், அதை அழித்தால் குரிசு செத்தவள்.

இது தெரிந்துகொண்டு ஃபேரிஸ் வரும் எபிசோடைப் பாருங்கள். ஒரு பெண் ஒரு மெயில் அனுப்பிக்கொள்கிறேன் என்கிறாள், அனுப்புகிறாள், சட்டென்று அகிஹபாரா மாறிவிடுகிறது. அனிமே கடைகள் இல்லை, மெய்ட் கஃபே இல்லை, பழையபடி மின்சாமான் தெரு. முதல் முறை பார்க்கும்போது "அட, ஊரே மாறிவிட்டதே" என்று ஒரு வேடிக்கை. இரண்டாம் முறை நமக்குத் தெரியும், அந்த மெயில் விமான விபத்தில் செத்த அவள் அப்பாவை உயிரோடு வைத்திருக்கிறது. பத்து வருஷம் அப்பாவோடு வாழ்ந்த ஒரு ஃபேரிஸ் அந்த ஊரில் எங்கோ இருக்கிறாள். இன்னும் எட்டு எபிசோடில் ஒகபே போய் அவளிடம், உன் அப்பா சாக வேண்டும் என்று கேட்கப் போகிறான். கேட்கவும் கேட்பான், அவளும் ஒத்துக்கொள்வாள்.

வாழைப்பழமும் அப்படித்தான். பச்சை ஜெல்லி ஆன வாழைப்பழத்தை முதல் முறை பார்த்துச் சிரித்தோம். காலப்பயணத்தை ரகசியமாக ஆராயும் செர்ன் அமைப்பின் கணினியை உடைத்து உள்ளே போனதும் சுவருக்குள் புதைந்து ஜெல்லியாகிச் செத்த மனிதர்களின் அறிக்கை கிடைக்கிறதே, அதற்கு அப்புறம் அந்தத் தட்டைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

தூக்கம்கெட்டவள்:

யாரும் இன்னும் சுசுஹாவைத் தொடவில்லையே!

அவள் குரிசுவை முதல் தடவை பார்க்கும் பார்வையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைக்கு வேலைக்கு வந்த ஒரு சைக்கிள் பெண், எல்லோரிடமும் கலகலவென்று பேசுகிறாள், குரிசுவிடம் மட்டும் முறைப்பு. முதல் முறை "ஏதோ பொறாமை" என்று நினைத்துவிடுவோம். 2036இலிருந்து வந்தவளுக்குக் குரிசு யார்? செர்னுக்குக் கால இயந்திரம் செய்து கொடுத்த ஆள். அவள் வாழ்ந்த நரகத்துக்கு அஸ்திவாரம் போட்டவள், இங்கே கைக்கெட்டும் தூரத்தில் நின்று டாக்டர் பெப்பர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

தாருவோடு வரும் காட்சிகளோ இன்னும் மோசம் (நல்ல அர்த்தத்தில்). அப்பாவைத் தேடி வந்திருக்கிறாள். கையில் இருக்கும் ஒரே அடையாளம் ஒரு பின் பேட்ஜ். அப்பா வருவார் என்று நம்பி ரேடியோ கைகானில் காத்திருந்து பார்த்திருக்கிறாள். அப்பா தினமும் மேல்மாடியில் உட்கார்ந்து கணினியில் அசிங்கமான கேம் விளையாடிக்கொண்டிருக்கிறார். தாரு அவளிடம் வழக்கம்போல் ஏடாகூடமாக ஏதாவது சொல்வான், அவள் சிரித்துவிட்டுப் போவாள். உண்மை தெரிந்த பிறகு அந்த வசனங்களைக் கேட்டால் கூச்சமும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

சுசுஹாவைப் பின்தொடரும் எபிசோட் முழுக்க விளையாட்டு மாதிரிதான் போகும். அவள் அன்றிரவே 1975க்குக் கிளம்ப வேண்டியவள். ஒகபேயின் மெயில் அவளைத் தங்க வைக்கிறது, எல்லோரும் சேர்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள். அந்த இரவு பெய்த மழையில் இயந்திரம் கெடுகிறது. பிறகு அரைகுறையாகச் சரிசெய்த இயந்திரத்தில் அவள் போய், நினைவு இழந்து, நினைவு திரும்பும்போது காலம் கடந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு எழுதிய கடிதம் முழுக்கத் தோற்றுவிட்டேன், தோற்றுவிட்டேன் என்று. சுசுஹாவுக்குக் குரல் கொடுத்த தமுரா யுகாரி அதைப் படிக்கும் அந்த ஒரு நிமிஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டாம் முறை எனக்குத் தொண்டையை அடைத்தது கடிதம் இல்லை, விருந்துதான். நல்லதைத்தான் செய்தார்கள். நண்பர்கள் ஒரு பெண்ணைத் தனியாகப் போகவிடாமல் சாப்பிட வைத்தார்கள். அவ்வளவுதான் குற்றம்.

கீழே டிவிக் கடை வைத்திருக்கும் மிஸ்டர் பிரவுன் ஏன் சுசுஹாவை வேலைக்கு வைத்திருக்கிறார், மொயேகா எப்போதும் போனில் யாருக்கு மெயில் தட்டுகிறாள், இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. போய்ப் பாருங்கள், இருவரும் ஒரே ஃப்ரேமில் வருவதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள்.

மூன்றாம்தளம்:

கதையை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றிக் கொஞ்சம்.

ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டூடியோவில் ஹமசாகி ஹிரோஷியும் சதோ தகுயாவும் இயக்கியது, 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒளிபரப்பானது. முதலில் பார்த்தபோது நிறம் வெளுத்துப்போன மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். கோடை வெயில், தரை கண்ணைக் கூசுகிற வெள்ளை, சில்வண்டுச் சத்தம். ஆட்களை ஃப்ரேமின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நடுவில் வெறும் சுவரைக் காட்டுவார்கள். அந்த வெறுமையை முதல் முறை சலிப்பு என்று எடுத்துக்கொள்வோம். திரும்பப் பார்க்கும்போது அது ஒரு காத்திருப்பு மாதிரி இருக்கிறது. மனிதர்கள் வருவதற்கு முன்பே, போன பின்பும், அந்த இடத்தை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரேடியோ கைகான் கற்பனை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 1962இல் கட்டிய பழைய கட்டிடம் 2011இல் மூடப்பட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி 2014இல் திறந்தார்கள். தொடர் ஓடிய அதே ஆண்டில், இடிப்பதற்கு முன் அந்தப் பழைய கட்டிடத்திலேயே தொடரில் வருகிற மாதிரி கால இயந்திரத்தின் மாதிரியைச் செருகி வைத்து விளம்பரம் செய்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு முதல் எபிசோடைப் பார்த்தால் வேறு ஒரு காலக்குழப்பம் வருகிறது.

ஜான் டைட்டர் விஷயமும் பாதி நிஜம். 2000 கடைசியிலும் 2001 தொடக்கத்திலும் அமெரிக்க இணையப் பலகைகளில் அந்தப் பெயரில் ஒருவர், 2036இலிருந்து வந்திருக்கிறேன், 1975இல் வந்த ஐபிஎம் 5100 கணினி வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். தொடரில் ஓர் எழுத்தை மாற்றி ஐபிஎன் ஆக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் ஒகபேக்கு டைட்டர் 2000இல் எழுதியது ஞாபகம் இருக்கிறது, அவன் வந்து விழுந்த உலகக்கோட்டில் டைட்டர் 2010இல்தான் எழுத ஆரம்பிக்கிறார். அவனிடம் இருக்கும் பழைய டைட்டர் புத்தகமே அலமாரியில் இல்லாமல் போகிறது. நிஜத்தில் அந்தப் பதிவுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு, உலகம் மாறிவிட்டது என்பதற்கான முதல் ஆதாரமே இதுதான். தெரியாதவர்கள் இரண்டாம் முறையில் பிடிப்பார்கள்.

கடைசிபெஞ்ச்:

அந்த ரத்து வரிசையை நான் கவனித்ததில்லை, அது நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் திரும்பப் பார்த்தால் நல்லது மட்டும் தெரிவதில்லையே. தாருவின் வசனங்கள். முதல் முறை ஒரு மாதிரி, இரண்டாம் முறை சகிக்கவில்லை. லூகா விஷயம் அதைவிட. "அழகு, ஆனால் ஆண்" என்று ஒகபே ஒவ்வொரு தடவையும் பட்டியல் போட்டுச் சொல்கிறான், அதை நகைச்சுவை என்று வைத்திருக்கிறார்கள். பின்னால், டி-மெயிலால் பெண்ணாகிவிட்ட அதே லூகாவை, நீ விரும்பிய உடம்பை விட்டுக்கொடு என்று கேட்கிறார்கள், ஒரு நாள் காதலியாக இருந்துவிட்டு எல்லாம் முடிந்தது என்கிறார்கள். ஃபேரிஸுக்குக் கிடைத்த கனம் லூகாவுக்குக் கிடைக்கவில்லை. திரும்பப் பார்க்கத் தூண்டும் தொடர் என்றால் இதையும் திரும்பப் பார்க்கத்தானே வேண்டும்?

தூக்கம்கெட்டவள்:

@கடைசிபெஞ்ச் லூகா விஷயத்தில் நூற்றுக்கு நூறு. அந்த எபிசோட் எனக்கு எந்தத் தடவையும் சரியாகப் படவில்லை. மற்றவர்களுடைய ஆசைக்கு முன்னால் ஒரு சாவு நிற்கிறது, அதனால் ஒகபேயின் தயக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது. லூகாவின் ஆசையில் யாரும் சாகவில்லை. ஒரு ஆள் தனக்குப் பொருந்திய உடம்பில் இருக்கிறார், அவ்வளவுதான். மயூரிக்காக அதை விடச் சொல்வது எத்தனை பெரிய கேள்வி! எழுதியவர்கள் அதை முழுசாகக் கேட்கவில்லை.

தாருவைப் பற்றி மட்டும் கொஞ்சம் வேறு கருத்து. வசனம் கேவலம்தான். ஆனால் அறையில் ஒகபே எதைச் சொன்னாலும், நம்ப முடியாததைச் சொன்னாலும், முனகிக்கொண்டே செய்து முடிக்கிறவன் அவன். 2036 வரை போய்க் கால இயந்திரம் கட்டப் போவதும் அவன்தான். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டால் மீதியைத் தாண்டிவிடலாம்.

வாழைஜெல்லி:

எனக்கு ஒரு பழைய சந்தேகம், இங்கே கேட்டுவிடுகிறேன். உலகக்கோடு மாறும்போது நம் ஒகபே நினைவோடு வந்து இறங்குகிறான், சரி. ஆனால் அந்தக் கோட்டில் அதுவரை வாழ்ந்த ஒகபே ஒருவன் இருந்தானே, அவன் எங்கே போனான்?

பழைய_டிவிக்கடை:

அப்படிக் கேளுங்கள்!

அவன் இல்லை. தொடர் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு டி-மெயிலுக்கு அப்புறமும் ஒகபே தடுமாறி நிமிர்கிறான், "நான் யாருக்கு மெயில் அனுப்பினேன், என்ன நடந்தது" என்று கேட்கிறான். சுற்றி இருப்பவர்கள் அவனை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். முதல் முறை நமக்கு ஒகபேயின் குழப்பம்தான் கண்ணில் படுகிறது, அவனுக்காகப் பதறுகிறோம். இரண்டாம் முறை மற்றவர்கள் முகத்தைப் பாருங்கள். ஒரு நொடி முன்பு வரை அவர்களோடு பேசிக்கொண்டிருந்த நண்பன், கடந்த சில நாட்களை அவர்களோடு கழித்தவன், வாக்கியத்தின் நடுவில் காணாமல் போய்விட்டான். அதே முகத்தோடு வேறொருவன் நிற்கிறான். அவர்களுக்கு அது தெரியாது. யாரும் அவனுக்காக அழவில்லை.

மயூரி செத்த பிறகு ஒகபே நினைவை 48 மணி நேரம் பின்னால் அனுப்பி அனுப்பித் திரும்புகிறானே, அங்கேயும் இதே கணக்குதான். போனைக் காதில் வைக்கிற கணத்தில் ஒரு கவலையில்லாத ஒகபே முடிந்துபோகிறான். 13ஆம் எபிசோடில் அவன் அறைக்குள் ஓடி வந்து கத்தும்போது குரிசுவின் முகத்தில் வரும் பயத்தை இப்படிப் பார்த்தால் புரியும்.

ஆனால் குரிசுதான் முதலில் பிடிக்கிறாள். காலத்தில் பின்னால் வருகிறவன் சொன்னால் நான் நம்ப மாட்டேன், அதனால் இதைச் சொல் என்று, யாருக்கும் சொல்லாத ஓர் ஆசையைக் கடவுச்சொல்லாகக் கொடுக்கிறாள். தனக்கென்று ஒரு முள்கரண்டி வேண்டும். இவ்வளவு சின்ன, அற்பமான விஷயம். உலகத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் ஒகபே மூச்சிரைக்க அவளிடம் முள்கரண்டியைப் பற்றிச் சொல்லும் காட்சி சிரிப்பாகத்தான் இருக்கும். அவள் அதை ஒகபேயிடம் சொன்னதும் இனி நடந்ததில்லை, அந்தக் குரிசுவும் இல்லை. நினைவு வைத்திருப்பது அவனும் நாமும் மட்டும்.

@கடைசிபெஞ்ச், முதலில் கேட்டீர்களே, இது பலமா பலவீனமா என்று. ஒகபேக்கு இருக்கும் பாரம் என்ன என்பதை முதல் பார்வையில் தொடர் வசனமாகத்தான் சொல்ல முடியும். யாரோடும் பகிர முடியாத நினைவு என்று அவன் புலம்பினால் நாம் தலையாட்டுவோம். உண்மையாக அதை அனுபவிக்க நமக்கும் ஒரு பழைய நினைவு வேண்டும். அதைத் தருவது முதல் பார்வை. எனக்கு இது பலம். உங்களுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம்.

கடைசிபெஞ்ச்:

பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு 1 முதல் 11 வரை மறுபடி பார்க்க வேண்டும், அதற்கு எனக்கு லீவு வேண்டும்.

மெட்டல் உபா கணக்கு மட்டும் எனக்கு எப்போதும் உதைக்கிறது. குரிசுவின் ஆய்வறிக்கையைத் திருடிக்கொண்டு நகாபாச்சி ரஷ்யாவுக்கு விமானம் ஏறுகிறார், விமானத்தில் தீப்பிடிக்கிறது, மற்ற சாமான் எல்லாம் எரிகிறது, இந்த உறை மட்டும் பிழைக்கிறது. ஏன்? உறைக்குள் கிடந்த பொம்மை உலோகம் என்பதால் சோதனையில் மாட்டி, பெட்டியோடு போகாமல் கையிலேயே வந்துவிட்டது. மூன்றாம் உலகப் போர் வருவதே மயூரி தொலைத்த ஒரு காப்ஸ்யூல் பொம்மையால் என்கிறார்கள். கொஞ்சம் அதிகம் இல்லையா?

மூன்றாம்தளம்:

அதிகம்தான். ஆனால் நேர்மையான அதிகம். முதல் எபிசோடிலேயே அந்தப் பொம்மை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, ஒகபே காசு கொடுத்து, மயூரி திருகி, மெட்டல் உபா விழுந்து, அரிதான ஒன்று என்று அவள் குதித்து, பிறகு தொலைத்து, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துத்தான் செய்தார்கள். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுக்கவில்லை. கண்ணெதிரே இருந்தும் மயூரியின் சிறுபிள்ளைத்தனம் என்று நாம் ஒதுக்கியதால் தப்பியது. 24இல் பெரிய ஒகபே முந்திப்போய் அதே இயந்திரத்தில் காசு போடும்போது எனக்கு அந்தக் கணக்கு உதைக்கவில்லை.

புதுஆள்_மதுரை:

வணக்கம், நேற்றுதான் 24ஐ முடித்தேன், அதனால் தைரியமாக உள்ளே வந்துவிட்டேன். இழை முழுக்கப் படித்தேன், தலை சுற்றுகிறது. இப்போது நேராக மறுபடி முதல் எபிசோடா, அல்லது ஸ்டைன்ஸ்;கேட் 0 பார்த்துவிட்டு வரட்டுமா? 23 பீட்டா என்று ஒன்று இருக்கிறதாமே, அது எங்கே வருகிறது?

தூக்கம்கெட்டவள்:

வாங்க வாங்க.

23 பீட்டா என்பது 23ஆம் எபிசோடின் மாற்று வடிவம். 2015 டிசம்பரில் மறு ஒளிபரப்பின்போது போட்டார்கள். நீங்கள் பார்த்த 23இல் ஒகபே குரிசுவைக் காப்பாற்றப் போய்த் தன் கையாலேயே குத்திவிட்டு உடைந்துபோய்த் திரும்பும்போது மயூரி ஓங்கி ஓர் அறை விடுவாளே? பீட்டாவில் அந்த அறை விழாது. அவனைப் போதும் விடுங்கள் என்று காப்பாள். அவன் எழுந்திருக்க மாட்டான். அந்த எழுந்திருக்காத ஒகபேயின் கதைதான் 2018இல் வந்த 0.

அதனால் 0 பார்த்துவிட்டு வந்தால் அந்த அறைக்கே வேறு கணக்கு வந்துவிடுகிறது. அவன் போனில் ஜூலை 28 முதல் இரைச்சலாகக் கிடந்த வீடியோ, எதிர்காலத்து ஒகபே பேசுவது, அவன் முகத்தில் இருக்கும் அந்தக் களைப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் எத்தனை வருஷம் என்று தெரியும்.

என் யோசனை: இப்போது 0 வேண்டாம். முதலில் 1 முதல் 24 வரை ஒருமுறை திரும்பப் பாருங்கள், வேகம் வேண்டாம். அப்புறம் 23 பீட்டா, அப்புறம் 0, அது முடிந்த கையோடு பழைய 23ஐயும் 24ஐயும் மட்டும்.

பழைய_டிவிக்கடை:

நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். 0 சூடு ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும், இடைவெளி விட்டால் யார் யார் என்று மறந்துவிடும், அதில் புது ஆட்கள் வேறு வருகிறார்கள். முதல் பாதியைத் திரும்பப் பார்ப்பது கொஞ்சம் மறந்த பிறகு நன்றாக இருக்கும்.

வாழைஜெல்லி:

ஆரம்பித்துவிட்டார்கள். @புதுஆள்_மதுரை, இவர்கள் இருவரும் இதே சண்டையைப் பார்க்கும் வரிசை இழையில் நாலு பக்கம் போட்டிருக்கிறார்கள், அங்கே போய்ப் படிக்காதீர்கள். இன்றிரவு முதல் எபிசோடை மட்டும் ஒருமுறை போடுங்கள். இருபது நிமிஷம்தான். அதற்கு அப்புறம் எதைப் பார்ப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

புதுஆள்_மதுரை:

போட்டுவிட்டேன். அந்தப் பதினைந்து நிமிஷக் கேள்வி வரும் இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். குரிசு மாடிப்படிப் பக்கமே பார்க்கிறாளே, இதையும் வேண்டுமென்றே வைத்தார்களா, அல்லது நான்தான் இப்போதே அதிகமாகத் தேட ஆரம்பித்துவிட்டேனா?